ஆபாசம், அவமானம், கால தாமதம்: இணையவழிக் கொடுமைக்கு எதிரான சட்டம் தமிழ்நாட்டில் வளர்ந்த விதம் (1998–2025)

2004 பிப்ரவரியில் சென்னையில் ஒரு பெண் காவல் துறையிடம் புகார் கொடுத்தார். யாகூ குழுமங்களில் அவர் எழுதியது போலவே இழிவான செய்திகள் வெளியாகியிருந்தன. அவருடைய தொலைபேசி எண்ணும் சேர்க்கப்பட்டிருந்தது. முன்பின் அறியாத ஆண்கள் அவரை அழைக்கத் தொடங்கினார்கள். அவர் மணக்க மறுத்த ஒருவர்தான் இதைச் செய்தவர் என்று விசாரணையில் தெரிந்து, அந்த நபர் மும்பையில் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆவது பிரிவின் கீழ் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனையாக இவ்வழக்கு குறிப்பிடப்படுகிறது. புகாரிலிருந்து தீர்ப்புவரை ஏறக்குறைய ஒன்பது மாதங்கள். ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எதுவும் நம் வீடுகளுக்குள் வராத காலத்தில் இது நடந்தது. பின்வந்த இருபது ஆண்டுகளில் பிரிவுகள் பெருகின, தண்டனைக் காலம் நீண்டது, காவல் துறையில் தனிப்பிரிவுகள் உருவாயின. ஆனாலும் தம் பிள்ளையின் பெயரில் போலிக் கணக்கு தொடங்கப்பட்டதை ஒரு மாலையில் கண்டறியும் பெற்றோருக்கு மறுநாள் காலைக்குள் நிவாரணம் கிடைக்கும் என்ற உறுதி இன்றும் இல்லை. இதற்குக் காரணம் சட்டத்தின் பற்றாக்குறை அல்ல, சட்டம் வளர்ந்த திசையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

அந்தத் திசையைப் புரிந்துகொள்ள 1998க்குப் போக வேண்டும். சென்னையில் ஒரு கல்லூரி மாணவி ஈவ் டீசிங்கால் உயிரிழந்ததைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு அவ்வாண்டு தனிச் சட்டம் கொண்டுவந்தது. பின்னர் அது பெண்களுக்குத் தொல்லை விளைவித்தலைத் தடை செய்யும் சட்டம் எனப் பெயர் மாறியது. அதன் தண்டனைப் பகுதியைவிட, இன்று அதிகம் பேசப்படாத வேறொரு பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கல்வி நிறுவனம், வழிபாட்டிடம், திரையரங்கு போன்றவற்றின் பொறுப்பாளர்கள் தங்கள் இடத்தில் தொல்லை நடக்காமல் தடுக்க வேண்டும், நடந்தால் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அச்சட்டம். பேருந்தில் ஒரு பெண் புகார் சொன்னால் ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கே கொண்டு செல்ல வேண்டும் என்றும் விதித்தது. குற்றவாளி யார் என்று தெரியும் முன்பே, அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் உடனே செயல்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை. நடைமுறையில் எத்தனை பேருந்துகள் அப்படித் திரும்பின என்பது வேறு கேள்வி. கொள்கை அளவில், தொல்லையின் கேடு அதன் நேரத்தில் இருக்கிறது என்பதைச் சட்டம் அன்றே உணர்ந்திருந்தது.

இரண்டே ஆண்டுகளில் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் வேறு அக்கறைகளிலிருந்து பிறந்தது. மின்வணிகத்துக்கும் மின்னணுக் கையொப்பத்துக்கும் சட்ட ஏற்பு தருவதே அதன் முதன்மை நோக்கம். தனிமனிதருக்கு நேரும் கேடு பற்றி அதில் இருந்தது பெரும்பாலும் 67ஆவது பிரிவு மட்டுமே. அதுவும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் ஆபாச நூல்களுக்கான 292ஆவது பிரிவிலிருந்து சொல்லெடுத்து எழுதப்பட்டது. பார்ப்பவர் மனத்தைக் கெடுக்குமா என்பதே அதன் அளவுகோல். யாரைப் பற்றி அது எழுதப்பட்டதோ அவருக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வி அதற்குள் இல்லை. 2004 வழக்கில் 509, 469 ஆகிய தண்டனைச் சட்டப் பிரிவுகளையும் சேர்த்தே அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியிருந்தது. அதே சட்டத்தின் 79ஆவது பிரிவு, பயனர்கள் இடும் பதிவுகளுக்காக இடைநிலை நிறுவனங்களைப் பொறுப்பாக்காமல் காத்தது. 1998இல் நடத்துநருக்குக்கூட இருந்த கடமை, உலகின் மிகப் பெரிய பொது இடங்களை நடத்தப்போகும் நிறுவனங்களுக்கு இல்லாமல் போனது.

2008இல் சட்டம் திருத்தப்பட்டு, 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. அடையாளத் திருட்டுக்கு 66சி, ஆள்மாறாட்ட மோசடிக்கு 66டி, அந்தரங்கப் படங்களுக்கு 66இ, பாலியல் காட்சிகளுக்கு 67ஏ, குழந்தைகள் தொடர்பானவற்றுக்கு 67பி என்று பிரிவுகள் வரிசையாகச் சேர்ந்தன. விசாரிக்கும் அதிகாரியின் தகுதி டி.எஸ்.பி. நிலையிலிருந்து ஆய்வாளர் நிலைக்கு இறக்கப்பட்டதும் அப்போதுதான். புகார்தாரருக்கு அது உண்மையில் உதவிய மாற்றம். படமோ பாலியல் உள்ளடக்கமோ இல்லாத வசவு, மிரட்டல், ஓயாத கேலி ஆகியவற்றுக்கு என்று வந்தது 66ஏ. மிகவும் புண்படுத்துகிற செய்தி, எரிச்சலூட்டும் செய்தி என்றெல்லாம் எல்லையற்ற சொற்களில் எழுதப்பட்ட அப்பிரிவின் இரு முகங்களும் 2012 அக்டோபரில், ஒரே மாதத்தில், தமிழ் வாசகர்கள் முன் தெரிந்தன. பாடகி சின்மயிக்கு ட்விட்டரில் தொடர்ந்து இழைக்கப்பட்ட தொல்லைக்காக அவர் அளித்த புகாரில் கைதுகள் நடந்தன. அதே மாதம், அப்போதைய மத்திய நிதியமைச்சரின் மகன் கார்த்தி சிதம்பரத்தைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவரும் கைதானார். ஓர் இடத்தில் பாதுகாப்பாக நின்ற சட்டம் இன்னோரிடத்தில் குரல்வளையை நெரித்தது. அடுத்த மாதம் மகாராஷ்டிரத்தின் பால்கரில் ஃபேஸ்புக் பதிவு ஒன்றுக்காக இரண்டு இளம்பெண்கள் கைது செய்யப்பட்டதும், விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் 66ஏ பிரிவை முழுமையாக நீக்கினார்கள். தீர்ப்பு சரியானது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் இன்னொரு பாதியைக் குடும்பங்களின் கோணத்திலிருந்து நாம் போதிய அளவு பேசவில்லை. நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்தால் மட்டுமே இடைநிலை நிறுவனம் ஒரு பதிவை நீக்கக் கடமைப்பட்டது என்று 79ஆவது பிரிவுக்கு அத்தீர்ப்பு விளக்கம் கூறியது. கருத்துரிமைக்கு அது அவசியமான அரண். மார்பிங் செய்யப்பட்ட மகளின் படத்தோடு நிற்கும் ஒரு தந்தைக்கோ, நிறுவனத்தை நேரடியாகக் கட்டாயப்படுத்தும் வழி அடைபட்டது. அவர் காவல் துறையை நம்பியே ஆக வேண்டும் என்றானது.

அந்த நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதை அடுத்த ஆண்டே சேலம் மாவட்டம் காட்டியது. 2016 ஜூனில் ஓர் இளம்பெண்ணின் மார்பிங் படம் ஃபேஸ்புக்கில் வந்தது. பெற்றோர் புகார் கொடுத்தார்கள். 66இ, 67 எனப் பொருந்தக்கூடிய பிரிவுகள் இருந்தன. தமிழ்நாட்டில் அவற்றைவிடக் கடுமையான ஆயுதமும் இருந்தது: 2014இலேயே குண்டர் தடுப்புச் சட்டத்தில் இணையக் குற்றவாளிகளும் சேர்க்கப்பட்டுவிட்டார்கள். இல்லாமல் போனது வேகம் ஒன்றுதான். விசாரணை நகர்வதற்குள் இன்னொரு படமும் வந்தது; ஜூன் 27 அன்று அந்தப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பின்னர் வருத்தம் தெரிவித்தார். ஒரு தற்கொலையை ஒற்றைக் காரணத்துக்குள் அடக்கிவிட முடியாது, அடக்கவும் கூடாது. ஆயினும் புகாருக்கும் நடவடிக்கைக்கும் இடையே கழிந்த ஒவ்வொரு நாளும் துன்பத்தைக் கூட்டியது என்பதில் சந்தேகமில்லை.

இணையக் கொடுமையின் தனித்தன்மையே அங்குதான் இருக்கிறது. பள்ளி வளாகத்தில் கேலிக்கு உள்ளாகும் பிள்ளைக்கு மாலை மணி அடித்தால் விடுதலை உண்டு. கைப்பேசியில் வரும் கேலிக்கு அப்படி ஒரு மணி இல்லை. எழுதியவர் மறைந்திருக்கிறார், பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது, நீக்கிய படமும் யாரோ ஒருவர் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் திரும்பி வரும். தூக்கம் கெடுவது, பள்ளிக்குப் போக மறுப்பது, உணவைத் தவிர்ப்பது, கைப்பேசி ஒலித்தாலே பதறுவது என்று அது உடலில் வெளிப்படுகிறது. நிறத்தையோ உடல்வாகையோ சாதியையோ குறிவைக்கும் மீம்களில் ஆபாசம் துளியும் இருக்காது; வலி மட்டும் குறையாது. இப்படிக் குறிவைக்கப்படுவோரில் ஆண்பிள்ளைகளும் உண்டு. ஆபாசத்தைத் தேடும் சட்டத்தின் கண்ணுக்கு இவர்கள் தென்படுவதே இல்லை.

2013இல் வந்த பின்தொடர்தல் குற்றம் இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 354டி, இப்போது அதற்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவு. விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும், அவரது இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் அதன்படி குற்றம். பதிவின் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு நடத்தையை அளந்த முதல் முக்கியப் பிரிவு இது. அதன் குறை, ஆண் குற்றவாளி, பெண் பாதிக்கப்பட்டவர் என்ற வரம்பு. 2012இன் போக்சோ சட்டம் ஆண், பெண் வேறுபாடின்றி எல்லாக் குழந்தைகளையும் காக்கிறது, மின்னணு வழியில் தொடர்ந்து தொல்லை தருவதையும் பேசுகிறது. ஆனால் பாலியல் நோக்கம் இருக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் வந்த இடைநிலை நிறுவன விதிகள்தான் 1998இன் நடத்துநரை ஓரளவு மீட்டெடுத்தன. நிர்வாணம், பாலியல் செயல், மார்பிங், ஆள்மாறாட்டம் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றன அவை. மறுத்தால் முறையிட, 2023 தொடக்கத்தில் மேல்முறையீட்டுக் குழுக்களும் அமைந்தன. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு பெண்ணின் அந்தரங்கக் காட்சிகளை 48 மணி நேரத்துக்குள் அகற்றுமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டதும் இதே போக்கின் தொடர்ச்சி.

ஆகவே இன்று ஒரு குடும்பத்துக்கு உள்ள வழிகளை அவசரத்தின் வரிசையில் பார்ப்பது நல்லது. பதிவை அழிக்கும் முன் அதன் லிங்க், கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை எடுத்த கைப்பேசியையும் பத்திரப்படுத்த வேண்டும். மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது, இப்போது அது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவில் இருக்கிறது. ஆனால் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் பாலியல் படத்தை நகலெடுப்பதும் அனுப்புவதும் பெற்றோரையே சிக்கலில் மாட்டிவிடும்; லிங்க்கை மட்டும் குறித்துக்கொண்டு போலீசிடம் செல்வதே சரி. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார், தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பதிவு, காவல் நிலையத்தில் மனு ஆகிய மூன்றும் ஒரே நாளில் நடக்கலாம். எங்கள் நிலைய எல்லைக்குள் வராது என்று திருப்பி அனுப்ப முடியாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதிய வழிசெய்கிறது. மறுத்தால் கண்காணிப்பாளருக்கும், பிறகு நீதித்துறை நடுவருக்கும் போகலாம். பிள்ளை மனம் உடைந்திருந்தால் சட்டத்துக்கு முன்பே உதவி தேவை: குழந்தைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416.

இவ்வளவு இருந்தும் குடும்பங்கள் தயங்குவது ஏன்? பெயர் வெளியே வந்துவிடும் என்ற அச்சம் வீண் பயமல்ல. 2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் அதிகாரிகள் வழியாகவே வெளியானது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் 2025 மே மாதம் ஆயுள் தண்டனை கிடைத்ததில், அஞ்சாமல் நின்று சாட்சி சொன்ன பெண்களின் பங்கு பெரிது. கைப்பேசியைப் பறித்துவிட்டால் போதுமே என்று சொல்வோரும் உண்டு. பறித்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் நடந்ததைச் சொல்லாமல் மறைக்கிறார்கள். தண்டனை பாதிக்கப்பட்டவருக்கே போய்ச் சேர்கிறது, பதிவோ அங்கேயே இருக்கிறது.

சட்டத்தை இந்தத் திசையில் மாற்றுவதற்கு எழும் வலுவான மறுப்பு வேறு. நடத்தையை அளக்கும் புதிய சட்டம் 66ஏவைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்துவிடும் என்பது அது. 2020 நவம்பரில் கேரளம் அதே போன்ற 118ஏ பிரிவுக்கு அவசரச் சட்டம் கொண்டுவந்து, கடும் எதிர்ப்பால் சில நாட்களிலேயே பின்வாங்கியது இந்த அச்சத்துக்குச் சான்று. நான் இதை ஏற்கிறேன். அதனாலேயே இன்னொரு குற்றப் பிரிவைக் கேட்கவில்லை. துன்புறுத்துபவர் பல வழக்குகளில் அதே வகுப்பில் படிக்கும் இன்னொரு பிள்ளை. இளைஞர் நீதிச் சட்டத்தின் விதிகள் சிறு குற்றங்களில் சிறார் மீது முதல் தகவல் அறிக்கை பதிவதையே தவிர்க்கச் சொல்கின்றன, அது நியாயமும்கூட. பதினைந்து வயதுப் பிள்ளையைச் சிறைக்கு அனுப்புவதில் எந்தக் குடும்பத்துக்கும் நிவாரணம் இல்லை.

தேவைப்படுவது தடுக்கும் ஆணை. அதற்கு முன்மாதிரி நம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில், மனு கொடுத்தால் வழக்கமாக மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை. நடுவர் பாதுகாப்பு ஆணை தரலாம். ஆணையை மீறினால்தான் குற்றம். பேச்சைத் தண்டிக்காமல், குறிப்பிட்ட ஒருவர் மீதான தொடர் தாக்குதலை நிறுத்தும் முறை இது. ஆட்சியாளரைப் பற்றிய விமர்சனம் இதற்குள் அடங்காது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றிய திருத்த மசோதா, 1998 சட்டத்துக்குள் மின்னணுத் தொல்லையையும் பாதுகாப்பு ஆணையையும் கொண்டுவந்தபோது இந்தப் பாதையில்தான் கால் வைத்தது. அந்தச் சட்டம் பெண்களுக்கானது. அதே ஆணையைப் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிப்பதும், ஆபாசம் இல்லாத தொடர் அவதூறுக்கும் நிறுவனங்களை அந்த ஆணையின் கீழ் உடனே செயல்பட வைப்பதும், பள்ளித் தலைமையாசிரியருக்கு 1998இல் வகுப்பறைக்கு இருந்த கடமையை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கும் நீட்டுவதும் சட்டமன்றம் அடுத்துச் செய்ய வேண்டிய வேலை.