பேசாப்படத்தின் மொழி: ஜே. சி. டேனியலின் வரலாறு

ஒரு மொழியின் திரைப்பட வரலாற்றை அம்மொழியில் பேசிய முதற்படத்திலிருந்து தொடங்குவது எளிது. பேசாப்படக் காலத்திற்குச் செல்லும்போது மொழி என்னும் அளவுகோல் நெகிழ்ந்துவிடுகிறது. அக்காலத்தில் உரையாடல் எழுத்தட்டைகளாகவே படச்சுருளில் இடம்பெற்றது. அட்டைகளை மாற்றினால் அதே படம் பிறமொழியினர்க்கும் உரியதாகும். அவ்வாறாயின், ஒரு பேசாப்படத்தை 'மலையாளப் படம்' என வகைப்படுத்துவது எதனால்? ஜே. சி. டேனியலின் வாழ்க்கை இவ்வினாவைக் கூர்மையாக்குகிறது.

'மலையாளத் திரைப்படத்தின் தந்தை' எனப் போற்றப்படும் டேனியல் தமிழர். அவர் பிறந்த அகஸ்தீசுவரம் அன்று திருவிதாங்கூரைச் சார்ந்திருந்தது. திருவனந்தபுரத்தில் படப்பிடிப்பு நிலையம் ஒன்றை நிறுவிய அவர், 'விகதகுமாரன்' என்னும் படத்தைத் தாமே எழுதித் தயாரித்து இயக்கினார், நாயகனாகவும் நடித்தார். இலங்கைக்குக் கடத்தப்பட்ட ஒரு திருவிதாங்கூர்ச் சிறுவனின் கதை அது. பெயரிலுள்ள 'விகத' என்பது 'நீங்கிய', 'இழந்த' எனப் பொருள்படும் வடசொல். 'குமாரன்' என்பதோ தமிழ், மலையாளம் ஆகிய இரண்டிலும் ஒரே வடிவில் வழங்குவது. ஆகவே பெயரைக் கொண்டும் படத்தின் மொழியை முடிவுசெய்ய இயலாது.

நாயகியாக நடித்த பி. கே. ரோசி, காக்கரிசி நாடகத்தில் பயின்றவர் என்பர். தமிழும் மலையாளமும் விரவிய உரையாடல் அந்நாடகத்தின் இயல்பு. படம் திருவனந்தபுரம் கேப்பிடல் அரங்கில் திரையிடப்பட்டது. அது 1928 இல் வெளியானதாக நெடுங்காலம் கூறப்பட்டது. 1930 என்பதே பிற்கால ஆய்வாளர் பலரின் முடிபு. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ரோசி நாயர் குலப் பெண்ணாகத் தோன்றியதைப் பொறாத கூட்டத்தினர் கலவரம் செய்தனர். அவர் தமிழ்நிலம் சென்று மறைந்து வாழ நேர்ந்தது. பொருளிழந்த டேனியல் பின்னாளில் பல் மருத்துவரானார்.

1956 நவம்பர் 1 இல் அகஸ்தீசுவரம் வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. முதுமையில் டேனியல் உதவி வேண்டியபோது, அவர் தமிழ்நாட்டவர் என்னும் காரணம் குறுக்கே நின்றது. 1938 இல் வெளிவந்த 'பாலன்' மலையாளத்தின் முதல் பேசும்படம் என்பதால், அதற்கு முந்தைய பேசாப்படம் நினைவிலிருந்து நழுவியது. இதழாளர் சேலங்காட் கோபாலகிருஷ்ணனின் இடைவிடா முயற்சியே டேனியலை வரலாற்றில் மீட்டது. எனினும் 1975 இல் அவர் மறைந்தபின்னரே உரிய ஏற்பு கிட்டியது. கேரள அரசு 1992 இல் அவர் பெயரால் விருதை ஏற்படுத்தியது.

மொழிவழி எல்லை டேனியலை முதலில் அயலாராக்கிற்று. மொழிவழி வரலாறே பின்னர் அவரைத் தந்தையாக்கிற்று. படமோ இரு மொழிகளும் அருகருகே வழங்கிய ஒரு நிலத்தில் பிறந்தது. 'மலையாளப் படம்' என்னும் தொடரைப் பெயர்த்தெழுதுவோர், அதிலுள்ள அடைமொழி படத்தில் ஒலித்த மொழியைச் சுட்டவில்லை, பின்வந்தோர் வகுத்த எல்லையையே சுட்டுகிறது என்பதை மனங்கொள்ளுதல் வேண்டும்.