சீசன் சம்பளமும் இரண்டு வருடப் படிப்பும்



சென்ற மாதம் பி பிளாக் மேல்தொட்டிக்குப் போகும் குழாய் உடைந்தபோது, பிளம்பர் வந்து சேர நான்கு நாள் ஆனது எல்லோருக்கும் நினைவிருக்கும். ‘தென்காசியில் ஒரு பிளம்பர் கூடவா இல்லை?’ என்று வாட்ஸ்அப் குழுவில் பலர் கேட்டிருந்தீர்கள். அதே வாரத்தில்தான், நம் குடியிருப்பில் நாலைந்து வீடுகளில் வேலை செய்யும் அம்மாள் ஒருவர் என்னிடம் வந்தார். மகன் பிளஸ் டூ தேறியிருக்கிறான்.

“அண்ணாச்சி, பார்டர் பக்கம் பரோட்டா கடையில பயலுக்கு நாளுக்கு அறுநூறு ரூவா தாராவளாம், சாப்பாடும் உண்டாம். அவங்க வாத்தியாரு ஐ.டி.ஐ.ல சேருன்னு சொல்லுதாரு. நீங்க பேங்குல இருந்தவுக, கணக்குப் பாத்துச் சொல்லுங்க” என்றார்.

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இந்தக் கேள்வி நம் ஊருக்குப் புதிதல்ல என்பதால், முதலில் கொஞ்சம் பழைய கதை.

சீசன் என்னும் முதலாளி

தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி ஜூன் மாதம் சாரல் விழத் தொடங்கினால், ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சீசன். பிறகு கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வருவார்கள். இந்த மாதங்களில் லாட்ஜ், ஓட்டல், எண்ணெய்க் கடை, பழக்கடை எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். மற்ற மாதங்களில் வேண்டாம்.

பிரானூர் ‘பார்டர்’ என்ற பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை மேற்கே நகர்ந்துவிட்டது. பார்டர் என்ற பெயர் மட்டும் பரோட்டாவோடு ஒட்டிக்கொண்டது. இன்று வெளியூர்க்காரர்கள் அருவிக்கு வருகிறார்களா, பரோட்டாவுக்கு வருகிறார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஒன்று கவனியுங்கள். பள்ளித் தேர்வு முடிவு வருவது மே மாதம். ஐ.டி.ஐ. சேர்க்கை நடப்பது அதையொட்டிய மாதங்களில். சீசன் தொடங்குவதும் அப்போதுதான். ‘அட்மிஷன் வரைக்கும் கடையில் நிற்கிறேன்’ என்று போகும் பையன், கையில் காசு புழங்கிய பிறகு திரும்பி வருவது கடினம். பல வருடங்களாக இதை நான் பார்த்து வருகிறேன்.

தொழில் பிறப்பால் வந்த காலம்

முன்பெல்லாம் தொழில் கற்பதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஆசாரி மகன் அப்பாவிடம் உளி பிடிக்கக் கற்றான். கொல்லர் மகன் துருத்தி ஊதக் கற்றான். வேறு வீட்டுப் பையன் உள்ளே நுழைவது அபூர்வம்.

1953இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டு வந்தார். பிள்ளைகள் ஒரு வேளை பள்ளியில் படிக்க வேண்டும். மற்ற வேளை பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயர் சூட்டப்பட்டுக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் வந்ததும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அப்பன் தொழில்தான் பிள்ளைக்கும் என்று அரசே சொல்லிவிடுமோ என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தின் மிச்சம் ஒன்று நம் வீடுகளில் தங்கிவிட்டது. கைத்தொழில் என்றாலே படிப்பு வராதவனுக்கு உரியது என்ற நினைப்பு இன்றும் போகவில்லை.

அதே காலகட்டத்தில் சத்தமில்லாமல் இன்னொன்று வளர்ந்தது. 1950இல் மத்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதிலிருந்து வந்தவைதான் இன்றைய ஐ.டி.ஐ.கள். 1956இல் நாடு முழுமைக்கும் ஒரே தரத்தில் சான்றிதழ் தர தேசியக் குழு ஒன்று அமைந்தது. 1961இல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. பயிற்சிக்கு எடுக்கும் இளைஞருக்கு நிறுவனம் உதவித்தொகை தர வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் என்றால் இரண்டு வருடம். வெல்டர், பிளம்பர் என்றால் ஒரு வருடம். உன் அப்பா என்ன தொழில் செய்கிறார் என்பது அங்கே தகுதி இல்லை. உன் மார்க்தான் தகுதி. விவசாயக் கூலியின் மகன் மோட்டார் காயில் கட்டக் கற்றதும், பீடி சுற்றும் தாயின் மகன் லேத்தில் நின்றதும் அப்படித்தான்.

கவுண்டரில் நான் பார்த்தது

1973இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு, கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு ஆட்கள் கிளம்பினார்கள். 1980களில் நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தபோது, அவர்கள் அனுப்பும் டிராஃப்ட்டுகள் என் கை வழியாகத்தான் போகும். நாளடைவில் தொகையைப் பார்த்தே ஆளை ஊகிக்கப் பழகிவிட்டேன். ஹெல்பராகப் போனவர் அனுப்பும் தொகை வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். ஏ.சி. மெக்கானிக், வெல்டர் என்று சான்றிதழோடு போனவர் அனுப்புவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏறும். திரும்பி வந்த பிறகும் வித்தியாசம் தெரியும். ஒருவர் கடன் கேட்டு வருவார். மற்றவர் சொந்தமாகக் கடை வைக்கக் கடன் கேட்டு வருவார்.

என் வீட்டுக் கணக்கு

இப்போது முதலில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன்.

1977இல் நான் நெல்லையில் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். என் தம்பி அந்த வருடம் எஸ்.எஸ்.எல்.சி. தேறினான். ரேடியோவைப் பிரித்து மாட்டுகிற கை அவனுக்கு. பேட்டை ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் சேர ஆசைப்பட்டான். அப்பாவால் ஒரே நேரத்தில் இரண்டு பேரைப் படிக்க வைக்க முடியவில்லை. ‘இந்த ஒரு சீசன் மட்டும்’ என்று சொல்லிக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு ரூம் பையனாகப் போனான். என் கடைசி வருடக் கட்டணம் அவன் கொடுத்த பணத்தில்தான் கட்டப்பட்டது.

அந்த ஒரு சீசன் 38 வருடம் நீண்டது. பி.எஃப். இல்லை, பென்ஷன் இல்லை. முழங்கால் தேய்ந்து படி ஏற முடியாமல் போன நாளில் வேலை நின்றது. எனக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. அவன் ஒரு நாளும் இதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் எங்கள் வீட்டு ஃபேன் நின்றால் இன்றும் அவன்தான் வந்து கழற்றிப் பார்க்கிறான்.

இன்றைய கணக்கு

அந்த அம்மாள் கேட்ட கணக்கை நேர்மையாகவே போட்டேன். நாளுக்கு 600 ரூபாய், சீசன் 90 நாள்: 54,000 ரூபாய். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பையன் என்பதால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஆக 1,750. இரண்டு வருடத்துக்கு 42,000 ரூபாய்.

ஒரே சீசனில் கிடைப்பதை விட, இரண்டு வருடம் படித்தால் கிடைப்பது குறைவு. ஆகவே கடைக்குப் போகிற பையனைப் புத்தியில்லாதவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மாத வாடகை, அப்பாவின் மருந்து என்று வீட்டில் தேவை இருக்கும்போது, ஐந்து வருடம் கழித்து வரும் வருமானத்தைக் காட்டி என்ன பயன்?

பரோட்டா மாஸ்டரை நான் குறைத்துச் சொல்லவும் இல்லை. மாவைப் பதமாகப் பிசைந்து, வீசி, அடுக்குக் குலையாமல் எடுப்பது பெரிய கைத்திறன். ஆனால் புதிதாகச் சேரும் பையனுக்குக் கிடைப்பது இலை எடுக்கும் வேலையும் பார்சல் கட்டும் வேலையும்தான். கல் முன்னால் நிற்க விடுகிறார்களா என்று கேட்டுவிட்டுச் சேர வேண்டும். எந்த வேலைக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்: போன வருடம் தெரியாத எதை இந்த வருடம் கற்றுக்கொண்டேன்?

கற்கும்போதே கையில் பணம் கொடுத்தால் பிள்ளைகள் நிற்பார்கள். ஜெர்மனியில் தொழில் பழகும் பையன் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளிக்கும், மற்ற நாட்களில் நிறுவனத்துக்கும் போகிறான். நிறுவனம் மாதச் சம்பளம் தருகிறது. 1969இல் அதை ஒழுங்குபடுத்திச் சட்டமே போட்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நமக்கு அருகில் மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துக் கணினி வேலை கற்றுக் கொடுக்கிறது.

நாம் செய்யக்கூடியது

நம் குடியிருப்பில் 64 வீடுகள். வீட்டுக்கு மாதம் 25 ரூபாய் என்றால் 1,600 ரூபாய். இரண்டு வருடத்துக்கு 38,400. அரசு தருவதோடு சேர்த்தால் 80,400. இரண்டு சீசன் சம்பளமான 1,08,000க்கு இன்னும் 27,600 குறைகிறதுதான். விடுமுறை நாட்களில் பையன் கடையில் நின்று அதில் ஒரு பகுதியைச் சரிக்கட்டலாம். நம் குடியிருப்பில் வேலை செய்வோரின் பிள்ளைகளில், ஐ.டி.ஐ. சேரும் ஒருவருக்காவது இதைச் செய்ய வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் கேட்கப் போகிறேன்.

காசி விசுவநாதர் கோயில் கோபுரம் 1924இல் தீப்பற்றிச் சிதைந்தது நம்மில் மூத்தவர்களுக்குத் தெரியும். என் சிறு வயது முழுக்க அதை அப்படித்தான் பார்த்தேன். மறுபடி எழும்பிக் கும்பாபிஷேகம் கண்டது 1990இல். அந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் அதற்குக் குறை நேர்ந்தால் வந்து சரிசெய்பவர் யாராயினும் அவரைப் பணிவதாகக் கல்வெட்டில் பொறித்து வைத்திருக்கிறான். சரிசெய்பவனைக் கும்பிட்ட அரசனின் ஊர் இது. நாமோ, பிளம்பர் 500 ரூபாய் கேட்டால் 300க்குப் பேரம் பேசுகிறோம். அதே மாலையில் பரோட்டா பில்லில் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்வதில்லை.

அந்தப் பையன் எலக்ட்ரீஷியன் பிரிவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். கடையிலிருந்தும் போன் வந்துவிட்டதாம், சாரல் தொடங்கிவிட்டது, உடனே வா என்று. என் கணக்கில் தவறு இருந்தால் பொதுக்குழுவுக்கு முன்பாகவே சொல்லுங்கள்.