சமூகவியல் படிச்சா என்ன கிடைக்கும்?

ஏ-நிலைத் தேர்வு முடிவுகள் வந்த வாரம்.

குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் "சோஷியாலஜி எடுக்கலாம்னு இருக்கேன்" என்று எழுதினால் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் வரும்.

"சோஷியல் வொர்க்கா?"

"படிச்சு முடிச்சா என்ன வேலை?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இல்லை. சமூகப் பணி தனிப் பட்டப்படிப்பு. உதவி தேவைப்படுவோருடன் நேரடியாக வேலை செய்ய அது பயிற்சி தருகிறது. மக்கள் ஏன் இப்படி வாழ்கிறார்கள் என்பதை ஆதாரத்தோடு ஆராய்வது சமூகவியல்.

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

"பிள்ளைங்க வீட்டுல தமிழே பேச மாட்டேங்குதுங்க!"

கேட்டுப் பழகிய புலம்பல். சிலர் பிள்ளையைக் குறை சொல்வார்கள், சிலர் தங்களையே நொந்துகொள்வார்கள்.

இப்போது மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சிங்கப்பூர்வாசிகளில் 5 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் வீட்டில் அதிகம் பேசும் மொழி எது என்று கேட்கப்பட்டது. ஆங்கிலம் என்றவர்கள் 2010இல் 32.3 விழுக்காடு, 2020இல் 48.3 விழுக்காடு. அதே பத்தாண்டில் மாண்டரின் 35.6இலிருந்து 29.9 விழுக்காட்டுக்கும், மலாய் 12.2இலிருந்து 9.2 விழுக்காட்டுக்கும் இறங்கின. 2020இல் தமிழ் 2.5 விழுக்காடு.

அட, இது நம்ம வீட்டுக் கதை மட்டும் இல்லையே!

தனிமனிதரின் தொல்லையாகத் தெரிவதற்குப் பின்னால் பொதுப் பிரச்சினை இருக்கலாம். அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தியது இதைத்தான். முதலாண்டு வகுப்பிலேயே அவர் பெயர் காதில் விழும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. 1987க்குள் தேசியப் பள்ளிகள் அனைத்திலும் ஆங்கிலம் முதல் மொழியானது. அப்படிப் படித்த தலைமுறைதான் இன்று பெற்றோர். தாத்தா பாட்டி கூடவே இருக்கிறார்களா? பணிப்பெண்ணிடம் எந்த மொழியில் பேசுகிறோம்? வீட்டுக்கு வீடு என்ன வேறுபடுகிறது? ஒவ்வொன்றையும் எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது, கிடைத்த பதிலை எவ்வளவு நம்புவது என்பதைப் பட்டப்படிப்பு கற்றுத் தருகிறது.

எண்ணிக்கையும் உண்டு, கதையும் உண்டு

'புள்ளிவிவரம் எனக்கு ஆகாது' என்று சமூகவியலுக்கு ஓடி வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆய்வுமுறைப் பாடத்தில் அதுவும் வரும். கூடவே நேர்காணல், களப்பணி, நிறைய வாசிப்பு, அதைவிட நிறைய எழுத்து.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் டியோ யூ யென், வாடகை வீவக வீடுகளில் வாழும் குடும்பங்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்துப் பேசினார். அதிலிருந்து எழுதிய நூல் 2018இல் வெளியாகி, ஏற்றத்தாழ்வு பற்றி இங்கே பலரையும் பேச வைத்தது. பாடப்புத்தகம் மாதிரி இருக்காது, தைரியமாக எடுத்துப் படிக்கலாம்.

அவரும் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. தனியாக வாழும் மூத்தவருக்கு அடிப்படைத் தேவைகளுக்கு மாதம் எவ்வளவு வேண்டும்? நிபுணர்கள் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை. சாதாரண மக்களைக் குழுக்களாக அமரவைத்து, எது தேவை, எது தேவையில்லை என்று அவர்களையே வாதிட வைத்தார்கள். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு 1,379 வெள்ளி என்று விடை வந்தது. முதியோருக்கு எது 'போதும்' என்ற விவாதத்தில் பிடித்துப் பேச ஓர் எண் கிடைத்தது.

சரி, சம்பளம்?

பூசி மெழுக வேண்டாம். கணினித் துறைப் பட்டதாரிகளின் தொடக்கச் சம்பளம் இதைவிட அதிகம். 'சமூகவியலாளர் தேவை' என்ற விளம்பரமும் அபூர்வம். பட்டதாரிகள் அரசாங்க அமைப்புகள், சந்தை ஆய்வு, மனிதவளம், கற்பித்தல், ஊடகம் எனப் பல பக்கம் போகிறார்கள். செயலிகளைப் பயனாளர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் வேலையும் உண்டு. எல்லாவற்றிலும் கைகொடுப்பது ஒரே திறன்தான்: மனிதர்களிடமிருந்து நம்பகமான தகவலைப் பெற்று, அதைத் தெளிவாக எழுதுவது.

பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வை வீட்டில் காட்டுவார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அது இறுதித் தேர்வு முடிந்து சுமார் ஆறு மாதத்தில் எடுக்கும் கணக்கு. பத்தாண்டு கழித்து யார் எங்கே இருக்கிறார்கள் என்று அது சொல்லாது. எத்தனை பேர் பதிலளித்தார்கள் என்றும் பாருங்கள். (இப்படிக் கேட்கத் தொடங்கிவிட்டால் பாதி சமூகவியல் வந்தாச்சு.)

எங்கே படிக்கலாம்?

நன்யாங்கில் விண்ணப்பிக்கும்போதே சமூகவியலைக் குறிப்பிட வேண்டும். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் அது சமூக அறிவியல் பட்டத்தின் ஒரு பகுதி. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் மனிதவியல், அறிவியல் கல்லூரிக்கு விண்ணப்பித்து, சேர்ந்த பிறகு முதன்மைப் பாடத்தை முடிவு செய்யலாம். இன்னும் மனசு ஊசலாடுகிறது என்றால், அங்கே முதலாண்டில் அறிமுகப் பாடம் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு வீட்டில் பேச்சைத் தொடங்கலாம்.