மின்வில்லும் மூடிய கதவும்

பெண்களுக்குப் பொறியியலில் ஆக்கத்திறன் குறைவு என்போர் வரலாற்றையே சான்றாகக் காட்டுவர். புதியன கண்டோர் பட்டியலிற் பெண்களின் பெயர்கள் மிகச் சிலவே அன்றோ என வினவுவர். அப்பட்டியல் எவ்வாறு எழுதப்பட்டது என்பதை ஆங்கிலப் பெண்மணியான ஹேர்தா எயார்ட்டனின் (1854–1923) வாழ்வு தெளிவாக்குகின்றது.

கேம்பிறிட்ஜில் உள்ள கேர்ட்டன் கல்லூரியிற் கணிதம் பயின்ற அவர் அங்கு பட்டம் பெறவில்லை. அப்பல்கலைக்கழகம் அக்காலத்திற் பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில்லை. 1884இல், கோடொன்றைச் சம கூறுகளாகப் பிரிக்கும் கருவிக்கு ஆக்கவுரிமை பெற்றார். அவ்வாண்டிலேயே இலண்டனின் பின்ஸ்பரித் தொழில்நுட்பக் கல்லூரியில் மாலை வகுப்புக்களிற் சேர்ந்து மின்னியல் கற்றார். அடுத்த ஆண்டில் தம் ஆசிரியரான வில்லியம் எயார்ட்டனை மணந்தார்.

அந்நாளில் தெருக்களுக்கு ஒளி தந்த மின்வில் விளக்குகள் சீறும் ஓசையெழுப்பி மினுங்கின. கணவர் தொடங்கிய மின்வில் ஆய்வைத் தாமே மேற்கொண்ட ஹேர்தா, சூடேறிய காபன் முனையை வளியிலுள்ள ஒட்சிசன் சென்றடைவதே அச்சீற்றத்தின் காரணம் என நிறுவினார். 1899இல் மின்பொறியியலாளர் நிறுவனத்தில் தம் கட்டுரையைத் தாமே வாசித்தார். அந்நிறுவனத்தின் முதற் பெண் உறுப்பினருமானார்.

றோயல் சங்கமோ வேறு வழி சென்றது. 1901இல் அவரது கட்டுரையை அங்கு வாசித்தவர் ஜோன் பெரி என்னும் ஆடவரே. 1902இல் அவர் பெயர் அங்கத்துவத்துக்கு முன்மொழியப்பட்டபோது, மணமான பெண்ணுக்குச் சட்டத்தில் அத்தகுதி இல்லையெனச் சங்கம் மறுத்தது. 1906இல் ஹியூஸ் பதக்கத்தை அவருக்கு அளித்ததும் அதே சங்கமே! திறமையைப் போற்றியது, இருக்கையை மறுத்தது. 1945இலேயே பெண்கள் அங்கு முதன்முறையாக அங்கத்துவம் பெற்றனர். அப்போது ஹேர்தா மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

ஆக்கத்திறன் தனிமையில் முளைக்கலாம். ஆயின் வினாவும் மறுப்பும் திருத்தமும் கிடைக்கும் அவையிலேயே அது வளர்கின்றது. 'பெண்ணுக்கு இது இயலாது' என்னும் முன்முடிவு அறிவை அழிப்பதில்லை. அது வளர்வதற்குரிய அவையைப் பறிக்கின்றது. இன்றும் ஆய்வுகூடத்தில் 'கருவியை அவன் இயக்கட்டும், நீ குறிப்பெழுது' என ஒரு மாணவியிடம் கூறப்படுமாயின், அங்கும் மூடப்படுவது அதே கதவுதான். கதவைத் தட்டித் திறந்த ஹேர்தாவை நாம் அறிவோம். தட்டாமலே திரும்பியோரின் பெயர்களை எந்த வரலாற்று நூலிலே தேடுவது?