பாடும் பங்கும்

2023-24ஆம் நிதியாண்டில் இந்தியா 17,81,602 டன் கடல் உணவை ஏற்றுமதி செய்து 60,523 கோடி ரூபாய் ஈட்டியது. எடையளவில் அதுவரை எட்டியிராத உச்சம். அதே நிதியாண்டின் பிப்ரவரி மாதத்தில் இராமேஸ்வரத்து விசைப்படகு மீனவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ஆண்டுதோறும் போய்வரும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையும் புறக்கணித்தார்கள். எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட படகுகளின் ஓட்டிகளுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததே காரணம். ஒரே கடல், ஒரே தொழில், ஒரே ஆண்டு. ஏட்டில் வளர்ச்சியும் கரையில் அச்சமும் எப்படிச் சேர்ந்தே இருக்கின்றன? விடையை ஒரு சின்னச் சொல்லின் வரலாற்றில் தேடலாம் என்று தோன்றுகிறது. அந்தச் சொல் 'பங்கு'.

கரைவலையும் வத்தையும் வள்ளமுமாக இருந்த காலத்தில் இக்கரையின் ஊதியம் பெரும்பாலும் பங்காகவே அமைந்தது. மீன்பாட்டில் வலைக்கு இவ்வளவு, வள்ளத்துக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வார்கள். பாய் விரித்தால் காற்று வரும். காற்றுக்கு விலை கிடையாது. பாடு இல்லாத நாளில் எல்லோருக்கும் வெறுங்கை. ஆனால் இழந்தது ஒரு நாள் உழைப்பு மட்டுமே. இதைப் பொற்காலமாக்கிப் பாட வேண்டியதில்லை. சம்மாட்டியிடம் பட்ட கடனுக்காகத் தலைமுறைகளாகக் கட்டுண்டு கிடந்த குடும்பங்கள் இந்தக் கரையில் உண்டு. பங்கு என்ற ஏற்பாடு வறுமையைப் போக்கவில்லை. வறுமையைப் பலர் தோளில் பகிர்ந்து வைத்தது, அவ்வளவுதான்.

மாற்றம் மண்டபத்தின் வழியாக வந்தது. 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன் ஆய்வு நிலையம் 1949 முதல் 1971 வரை மண்டபம் முகாமைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1953இல் கேரளத்தின் நீண்டகரையில் ஆரம்பித்த இந்திய-நார்வே திட்டம் 1960களில் மண்டபம்வரை நீண்டது. இதற்கிடையே 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. தலைமன்னாருக்குக் கப்பல் போன துறைமுகம், இரயில் நிலையம், மீனவர் குடியிருப்பு யாவும் போயின. பிழைத்தவர்கள் இராமேஸ்வரத்துக்கும் பாம்பனுக்கும் நகர்ந்தார்கள். அதன்பின் அரசுக் கடனும் மானியமுமாக விசைப்படகுகள் பெருகின. அவை தேடிப்போனது இறாலை. அமெரிக்காவும் ஜப்பானும் விலை கொடுத்து வாங்கிய இறால், கடலுக்குத் தொடர்பே இல்லாத முதலாளிகளையும் கரைக்கு அழைத்துவந்தது.

வள்ளத்துக்கும் லாஞ்சுக்குமான இந்தப் பகையைத் தூத்துக்குடிக்குத் தெற்கே மணப்பாட்டுக் கரையில் வைத்து எழுதிய வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இல் வெளிவந்தது. பொருளாதார அறிஞர்கள் 'நீலப் புரட்சி' என்று பேசத் தொடங்கும் முன்பே நாவலாசிரியர் ஒருவர் அதன் விலையைக் குறித்துவைத்துவிட்டார் என்பதில் இலக்கிய வாசகர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இங்கேதான் பழைய சொல் புதிய பொருள் கொண்டது. விசைப்படகிலும் ஊதியம் பங்குதான். ஆனால் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றை முதலில் கழித்துவிட்டு, மிஞ்சியதைப் படகுக்கும் ஆட்களுக்குமாகப் பிரிக்கிறார்கள். விகிதம் துறைக்குத் துறை, படகுக்குப் படகு வேறுபடும். கழிக்கும் வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. டீசல் விலை ஏறினால் அந்த ஏற்றத்தில் ஒரு பகுதியைத் தொழிலாளியும் சுமக்கிறார். இறால் விலை இறங்கினால் அதையும் சுமக்கிறார். படகு அவருடையது அன்று. விலை பேசும் இடத்தில் அவருக்கு நாற்காலியும் இல்லை. ஒரு தொழிற்சாலையில் மின்கட்டணம் உயர்ந்தது என்று தறிக்காரரின் சம்பளத்தைக் குறைத்தால் நாம் அதை அநீதி என்போம். கடலில் அதற்குப் பங்கு என்று பெயர். முதலாளி தொழிலாளி உறவு தெளிவாக இல்லாததால், சம்பளச் சீட்டோ வருங்கால வைப்புநிதியோ கேட்கவும் வழியில்லை. கிடைப்பது முன்பணம், அது அவரை அதே படகோடு கட்டிப்போடும் கயிறும் ஆகிறது.

எல்லை என்பது இரண்டாவது சுமை. பாக் நீரிணை ஆழமற்றது. பெரும்பகுதியில் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் ஆழம் இராது. 1974இலும் 1976இலும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் அதன் குறுக்கே கோடு கிழித்தன. 285 ஏக்கர் கச்சத்தீவு கோட்டுக்கு அப்பால் போனது. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோர மூன்று கடல் மைலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. நாட்டுப்படகினரோடு நடந்த மோதல்களுக்குப்பின் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள் என்ற ஏற்பாடும் வந்தது. இரண்டு கோடுகளுக்கு நடுவே எஞ்சியது ஒடுங்கிய நீர்ப்பரப்பு. அதில் நூற்றுக்கணக்கான இழுவை மடிகள். இலங்கையில் போர் மூண்ட அதே 1983க்குப் பின் வடக்கு மீனவர்கள் கடலிறங்க முடியாமல் முடங்க, அந்த வெற்றிடத்தில் நம் படகுகள் வளர்ந்தன. 2009இல் போர் முடிந்து அவர்கள் திரும்பியபோது மோதல் தவிர்க்க முடியாததாயிற்று. அறுபடுவது யாழ்ப்பாணத்துத் தமிழனின் வலை என்பதை இக்கரையில் உரக்கச் சொல்பவர்கள் குறைவு, சொல்லியாக வேண்டும்.

இலங்கை 2017இல் இழுவை மடியைத் தன் நாட்டில் தடைசெய்தது; 2018இல் அந்நியப் படகுகளுக்கான அபராதத்தைப் பெருமளவு உயர்த்தியது. பிடிபட்டால் உரிமையாளர் படகை இழக்கிறார். அது பெரும் இழப்புதான். சிறைக்குப் போகிறவரோ சுக்கான் பிடித்தவர். எங்கே மடி இறக்கினால் டீசல் காசாவது தேறும் என்ற கணக்கே அவரைக் கோட்டுக்கு அப்பால் தள்ளுகிறது.

இன்னொரு முரணையும் பாருங்கள். ஏற்றுமதி வருவாயில் மூன்றில் இரண்டு பங்கு உறைந்த இறாலினுடையது. அதில் பெரும்பகுதி, 2009இல் அனுமதிக்கப்பட்ட வன்னாமெய் இறால். ஆந்திரத்துக் குளங்களில் வளர்வது. ஆக, 'கடல் உணவு' என்ற தலைப்பின்கீழ் வளர்வது பெரும்பாலும் கடலுக்கு வெளியே. ஆனால் அமெரிக்கச் சந்தையில் குளத்து இறாலின் விலை சரிந்தால், அதன் அதிர்வு பாக் நீரிணை இறாலுக்கும் வந்து சேர்கிறது. இராமேஸ்வரத்தில் கம்பெனிகள் கூடிப் பேசி விலையைக் குறைப்பதாக எழும் புகார் பழையது. அதற்காகவும் வேலைநிறுத்தங்கள் நடந்திருக்கின்றன.

தீர்வுகளும் சொத்துள்ளவரை நோக்கியே வருகின்றன. 2017 ஜூலையில் இராமேஸ்வரத்திலேயே தொடங்கப்பட்ட ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தில் ஒரு படகின் மதிப்பு 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு, வங்கிக் கடன் 20, உரிமையாளர் 10. 2,000 இழுவைப்படகுகளை மாற்றுவது இலக்கு. அதன் அருகேகூடச் செல்லவில்லை. சென்றிருந்தாலும், ஒரு இழுவைப்படகு ஒப்படைக்கப்படும்போது அதில் வேலைபார்த்த நான்கைந்து பேர் எங்கே போவார்கள் என்ற கேள்வி மிச்சமிருந்திருக்கும். பாசி வளர்க்கும் பெண்களின் கதையும் வேறன்று. 2000களில் ஒப்பந்த முறையில் பரவிய கப்பாபைகஸ் பாசி, வெப்பம் கூடிய 2013ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெருமளவு அழிந்தது. வாங்குவதாகச் சொன்ன நிறுவனத்துக்குச் சரக்கு குறைந்தது. மிதவைக்குக் கடன் வாங்கிய குழுக்களுக்குக் கடன் நின்றது.

2001இல் 45 நாளாக அறிமுகமான மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் 61 நாள்: ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய. மீன்வளத்துக்கு அது தேவை என்பதில் ஐயமில்லை. அந்த நாள்களுக்குக் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய், நாளொன்றுக்கு 131. போதாததற்குச் சிலர் கேரளத் துறைமுகங்களுக்குப் போகிறார்கள், சிலர் கட்டட வேலைக்கு. உள்ளூரிலேயே இருப்பவர் படகு உரிமையாளரிடம் முன்பணம் கேட்கிறார். அது ஜூன் 15க்குப்பின் வரும் பங்குகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கப்படும்.