படிகமே ஆகாதுன்னு சொன்ன புரதம்

நீங்க போடுற பிரஷர் மாத்திரைகள் பலதும் செல் சவ்வில் இருக்கும் புரதங்கள் மேலதான் வேலை செய்யுது. அந்தப் புரதங்களின் வடிவத்தைப் பார்க்கவே முடியாதுன்னு ஒரு காலத்தில் பலரும் நம்பினாங்க தெரியுமா?

எக்ஸ்ரேயில் பார்க்கணும்னா முதல்ல படிகம் வேணும். சவ்வுப் புரதமோ கொழுப்பை விட்டு வெளியே எடுத்தா தண்ணியில் கரையாம கட்டியாயிடும்.

ஜெர்மனியின் ஹார்ட்முட் மிஷெல் விடல. ஊதா பாக்டீரியா ஒன்றின் ஒளிச்சேர்க்கை மையத்தை சோப்பு மாதிரி மூலக்கூறுகளால் சுற்றி, படிகமாக்கி 1982இல் அறிவித்தார். டைசன்ஹோஃபர், ஹூபர் கைகொடுக்க, 1985இல் வடிவம் வந்தது. 1988இல் மூவருக்கும் நோபல்.

அந்த வடிவம் இருக்கே, அதுதான் அழகு! நடுவில் ஒட்டி உரசி நிற்கும் பாக்டீரியோகுளோரோஃபில் ஜோடி. அங்கிருந்து கிட்டத்தட்ட ஒரே மாதிரி இரண்டு கிளைகள். ஒவ்வொன்றிலும் இன்னொரு பாக்டீரியோகுளோரோஃபில், அடுத்து பாக்டீரியோஃபியோஃபைட்டின், முனையில் குயினோனுக்கு இடம்.

ஆனா வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரான் ஓடுறது ஒரே கிளையில்தான். ஃபியோஃபைட்டினை அடைய, வினாடியை லட்சம் கோடியா உடைச்சா அதில் சுமார் மூணு பங்கு நேரம் போதும்.

அப்போ இன்னொரு கிளை சும்மாவா? இல்லை. ஓடி வந்த எலக்ட்ரானை முதல் குயினோன் குறுக்கால தள்ளிவிட, அதை வாங்கி வெச்சுக்கிறது அந்தப் பக்கத்துக் குயினோன்தான்.