தொழிற்சாலை வாசலோடு நிற்கும் சட்டம்: குழந்தைக் காப்பக விதிகளின் வரலாறும் வரதய்யபாளையமும்

முன்னுரை

தமிழக எல்லைக்கு அருகில் உள்ள வரதய்யபாளையம் மண்டலம், 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவாகும்வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இப்பகுதியின் வாழ்க்கையை 2008-இல் தொடங்கிய ஸ்ரீ சிட்டி தொழில் நகரம் மாற்றியது. வரதய்யபாளையம், சத்தியவேடு மண்டலங்களில் விரிந்திருக்கும் அந்நகரத்தின் ஆலைகளில், குறிப்பாகக் கைப்பேசித் தயாரிப்பில், பெண்கள் பெருமளவில் வேலை செய்கின்றனர். ஷிப்டுக்குப் போகும் தாயின் கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பது இங்கு வீட்டுக்கு வீடு எழும் கேள்வி.

மாமியாரோ தாயாரோ உடன் இல்லாத குடும்பங்களில், பக்கத்துத் தெரு ஆயம்மாவிடம் மாதக் காசு கொடுத்துப் பிள்ளையை விடுவது இந்தியத் தொழிலூர்கள் எங்கும் காணப்படும் வழக்கம். அந்த ஆயம்மாவின் வீட்டுக்கென உரிமமோ, பாதுகாப்பு விதியோ, ஆய்வாளரோ நாடு தழுவிய சட்டத்தில் இல்லை. இந்த இடைவெளி உருவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. காப்பகக் கடமையை அளக்க இந்தியச் சட்டம் பெரும்பாலும் தொழிலாளர் எண்ணிக்கையையே எடுத்துக்கொண்டது, குழந்தைகளை அபூர்வமாகவே எண்ணியது என்பதே இதன் கருத்து.

தொட்டில் அறையின் தொடக்கம்

1929-இல் அமைக்கப்பட்ட விட்லி ஆணையம் எனும் அரச தொழிலாளர் ஆணையம், ஆலைப் பெண்களின் குழந்தைகள் படும் பாட்டை 1931-இல் தன் அறிக்கையில் பதிவு செய்தது. அழாமல் தூங்கக் கைக்குழந்தைகளுக்கு அபின் கொடுக்கப்பட்டதையும் அது கவனித்தது. அடுத்து வந்த 1934-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 50 பேருக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை ஒதுக்கும்படி விதி செய்ய மாகாண அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது.

விடுதலைக்குப் பின், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48-ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்கியது. போதிய இடம், வெளிச்சம், காற்றோட்டம், துப்புரவு, குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பு ஆகியவை சட்ட வாசகத்திலேயே இடம்பெற்றன. துணி மாற்றவும் குளிப்பாட்டவும் வசதி, இலவசப் பால் அல்லது சிற்றுண்டி, தாய் வந்து பாலூட்ட இடைவேளை ஆகியவற்றுக்கு மாநிலங்கள் விதி வகுக்க வழி செய்யப்பட்டது. 1976-இல் 50 என்ற வரம்பு 30 ஆகக் குறைக்கப்பட்டது. கட்டடத் தொழிலாளர் சட்டம் (1996) 50 பெண்கள் என்ற பழைய கணக்கைப் பின்பற்றியது. இந்தக் கணக்கின்படி, ஆலையில் 28 பெண்கள் மட்டும் இருந்தபோது அவர்களுடைய குழந்தைகளுக்கு அறை கட்டாயமாக இருக்கவில்லை. வீட்டில் பீடி சுற்றும் பெண்ணுக்கோ கணக்கே இல்லை.

இந்தப் போக்கிலிருந்து விலகிய விதிகள் இரண்டு உண்டு. தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் (1951) 1981-இல் செய்யப்பட்ட திருத்தம், பெண்கள் 50 பேர் இல்லாவிட்டாலும் அவர்களுடைய குழந்தைகள் 20 பேர் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றது. ஊரக வேலை உறுதிச் சட்டம் (2005), பணியிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தால், அங்குள்ள பெண்களில் ஒருவரைக் கூலியுடன் அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தச் சொன்னது. குழந்தையை எண்ணிச் சட்டம் எழுத முடியும் என்பதற்கு இவை சான்றுகள்.

அங்கன்வாடியும் தீயும்

1972-இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு பள்ளி முன்பருவக் குழந்தைகளின் வளர்ச்சி பற்றி அறிக்கை அளித்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அங்கன்வாடி ஊட்டச்சத்தையும் தடுப்பூசியையும் ஊர்தோறும் கொண்டுசென்றது. ஆனால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை நாள் முழுதும் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அதன் அடிப்படை அமைப்பில் இல்லை. அதற்கென 2006-இல் வந்த ராஜீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டம், 2017-இல் தேசியக் காப்பகத் திட்டமாகி, 2022-இல் 'பால்னா' என்ற பெயரில் மிஷன் சக்தியில் சேர்ந்தது.

கட்டடப் பாதுகாப்பு குறித்த விழிப்பு பெரும் இழப்பின் வழியே வந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத் தீ கூரைக்குப் பரவியதில் 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. தீயணைப்புச் சான்று கண்டிப்பாகக் கேட்கப்பட்டது. பின்னர் மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்கும் விதிகள் வந்தன. பெயர்ப் பலகை மாட்டிய நிறுவனங்களுக்கு இவ்வாறு விதிகள் கூடின. பலகை இல்லாத வீடு எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

பேறுகால விடுப்புக்குப் பின்

2017-ஆம் ஆண்டுப் பேறுகாலப் பயன் திருத்தச் சட்டம் முதல் இரு பிள்ளைகளுக்கு விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது; 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. பெண்களை மட்டும் எண்ணாமல் எல்லா ஊழியர்களையும் எண்ணியது இதன் முன்னேற்றம். 2018-இல் வந்த மத்திய அரசின் குறைந்தபட்ச வழிகாட்டுதல்கள் கட்டடம், பணியாளர் பின்னணிச் சரிபார்ப்பு, அவசர மருத்துவம் முதலியவற்றை விரித்துரைத்தன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், பல நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தவும் இடமளிக்கிறது.

ஆயினும் விடுப்பு ஆறு மாதத்தில் முடிகிறது. அங்கன்வாடியின் முன்பருவக் கல்வி மூன்று வயதில் தொடங்குகிறது. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளே குழந்தை எதையும் வாயில் போடும், தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கும் பருவம். ஆலைக் காப்பகம் எட்டாத தாய்க்கு அந்த ஆண்டுகளில் ஆயம்மாவின் வீடே துணை.

ஒப்பீடு: பிரிட்டன்

பிரிட்டனின் வரலாறு வேறு வழியில் சென்றது. காசுக்கு வளர்க்க ஒப்படைக்கப்பட்ட சிசுக்கள் இறந்த வழக்குகளைத் தொடர்ந்து 1872-இல் சிசு உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பதிவைக் கொண்டுவந்தது. பகல்நேரப் பராமரிப்பு அதில் அடங்கவில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டமே வீட்டில் பிள்ளை பார்ப்போரைப் பதிவு செய்யச் சொன்னது. இந்தியச் சட்டம் ஆலைக்குள் தொட்டில் அறையைக் கட்டாயமாக்கிய அதே ஆண்டில், பிரிட்டிஷ் சட்டம் வீட்டுக்குள் நுழைந்தது.

ஆனால் பதிவு மட்டும் போதவில்லை. பதிவு செய்யாத வீடுகள் ஏராளமாக இருந்ததை 1970-களில் பிரையன் ஜாக்சன் முதலியோரின் ஆய்வுகள் காட்டின. உதவியோ பயிற்சியோ தராமல் நிபந்தனை மட்டும் விதித்தால் ஏழைப் பெண்கள் ஒளிந்துகொள்வார்கள் என்பதே அதன் பாடம்.

முடிவுரை

வரதய்யபாளையம் போன்ற ஊருக்கு ஆலைக்குரிய விதிகளை அப்படியே வீட்டின்மேல் ஏற்றுவது பொருந்தாது. ஓர் ஆயம்மாவால் தீயணைப்புச் சான்றுக்கு அலைய முடியாது. குழந்தைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு, மறைப்புள்ள அடுப்படி, மூடியிட்ட தண்ணீர்த் தொட்டி, எட்டாத உயரத்தில் மருந்தும் மண்ணெண்ணெயும் பூச்சிமருந்தும், தடுப்பூசி அட்டையின் நகல், பெற்றோரின் தொலைபேசி எண் ஆகியவை செலவு குறைந்தவை, உயிர் காப்பவை. அங்கன்வாடி மேற்பார்வையாளர் மாதம் ஒருமுறை பார்த்து எழுதக்கூடியவை.

பதிவு இலவசமாகவும், பயிற்சியும் சிறு உதவித்தொகையும் சேர்ந்ததாகவும் இருக்க வேண்டும். பொதுக் காப்பகத்துக்குச் சட்டம் தந்துள்ள வாய்ப்பை ஸ்ரீ சிட்டி நிறுவனங்கள் பயன்படுத்தி, ஊருக்குள் ஒரு மையம் நடத்தி, சுற்றியுள்ள வீட்டுக் காப்பகங்களுக்கு அதைப் பயிற்சி நிலையமாகவும் ஆக்கலாம். ஓர் இடத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகள் எத்தனை பேர் என்பதே இனி வரும் விதியின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். தாய் எத்தனை பேர் பணிபுரியும் ஆலையில் வேலை செய்கிறாள் என்பதை வைத்துக் குழந்தையின் பாதுகாப்பைத் தீர்மானிக்கும் முறை மாறியாக வேண்டும்.